நான்கு கைகளை எண்ணிய மனிதர்



ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டபோது, எடிசன், ராமன், ஐன்ஸ்டீன் மூவரையும் ஏற்கெனவே ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டு விட்டார்கள். போகட்டும், எனக்குப் பிடித்த ஆள் ஒருவர் இருக்கவே இருக்கிறார் என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நோட்டில் இரண்டு கார்பனுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு போடுகிறோமே, அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிற மனிதர் அவர். பெயர் ஆகஸ்ட் கெக்குலே.

கெக்குலே என்றதும் கைடு படித்த அத்தனை பேருக்கும் ஞாபகம் வருவது ஒரே விஷயம்தான். மனுஷன் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணயர்ந்தார். கனவில் ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்வியது. விழித்தார், பென்சீன் வளையத்தைக் கண்டுபிடித்தார். முடிந்தது கதை! நானும் கடைசி பெஞ்சில் பலமுறை தூங்கியிருக்கிறேன். கனவில் கேன்டீன் பரோட்டா வந்ததே தவிர, ஒரு மூலக்கூறும் வந்ததில்லை. அவருக்கு மட்டும் ஏன் வந்தது? இந்தக் கேள்வியோடுதான் லைப்ரரியில் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, கைடில் இருப்பது கதையின் வால் மட்டும்தான் என்று புரிந்தது. தலையும் உடம்பும் வேறு இடத்தில் இருக்கின்றன.

கட்டடம் கட்ட வந்தவர்

கெக்குலே 1829 செப்டம்பர் 7 அன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். அப்பா அரசாங்க அதிகாரி. பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே படம் வரைவதில் நல்ல கை. கட்டடக் கலை படித்தால் பெரிய ஆளாக வருவான் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். 1847-ல் கீசென் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்புக்குத்தான் சேர்ந்தார். சிவில் பிராஞ்ச் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!

கீசெனில் அப்போது லீபிக் என்ற மாபெரும் வேதியியல் ஆசிரியர் இருந்தார். மாணவர்களைச் சோதனைச் சாலையில் நிற்க வைத்துக் கையால் செய்யக் கற்றுக்கொடுத்தவர். நாம் இன்று பிராக்டிகல் கிளாஸ் என்று சொல்கிறோமே, அந்த வழக்கம் உலகமெங்கும் பரவியதில் லீபிக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய வகுப்பை ஒருமுறை எட்டிப் பார்த்த கெக்குலேக்குக் கட்டடம் மறந்துபோனது. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்று நின்றார்.

வீட்டில் ஒத்துக்கொள்வார்களா? நம் வீடுகளில் பிராஞ்ச் மாற்ற வேண்டும் என்று கேட்டால் என்ன நடக்குமோ, அதுவே அங்கேயும் நடந்தது. யோசித்து முடிவு பண்ணட்டும் என்று, சொந்த ஊரில் இருந்த ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் கொஞ்ச காலம் படிக்க வைத்தார்கள். நம்ம பாலிடெக்னிக் போன்ற ஒரு பள்ளிதான் அது. பிற்காலத்தில் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆக, பென்சீனுக்கு வடிவம் கொடுத்தவர் கொஞ்ச நாள் நம்ம ஜாதி! அங்கேயும் அவர் மனம் மாறவில்லை. திரும்பப் போய் லீபிக்கிடமே சேர்ந்தார். 1852-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

கட்டடப் படிப்பு வீணாகிவிட்டதா என்றால், இல்லை என்பதுதான் என் எண்ணம். ஒரு பொருளை அதன் பாகங்கள் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. செங்கல்லுக்குப் பதிலாக அணு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் ஊராகச் சுற்றிய காலம்

பட்டம் வாங்கியதும் நாற்காலி கிடைத்துவிடவில்லை. சுவிட்சர்லாந்து, பிறகு லண்டன் என்று சுற்றினார். எல்லாம் உதவியாளர் வேலைதான். லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் ஸ்டென்ஹவுஸ் என்பவரிடம் வேலை பார்த்தார். வில்லியம்சன் போன்ற கூர்மையான வேதியியலாளர்களோடு பழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கொள்கை. எந்த ஒரு கட்சிக்கும் அடிமையாகாமல் எல்லாரிடமும் காது கொடுத்துக் கேட்டார்.

1856-ல் ஹைடல்பர்க் வந்து பாடம் நடத்த அனுமதி வாங்கினார். சம்பளம் கிடையாது. மாணவர்கள் கட்டுகிற கட்டணம்தான் வருமானம். வாடகை வீட்டில் ஒரு அறை வகுப்பறை, சமையலறைதான் சோதனைச் சாலை! பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பேயர் அந்தச் சமையலறையில் வேலை செய்தவர்தான். நம் லேபில் பர்னர் சரியில்லை, பியூரெட் ஒழுகுகிறது என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தச் சமையலறைதான் கண்ணுக்குள் வரும்.

நான்கு கைகள்

அந்தக் காலத்து வேதியியல் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு பொருளில் எத்தனை பங்கு கார்பன், எத்தனை பங்கு ஹைட்ரஜன் என்று எடை போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் உள்ளே யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். கார்பனின் அணு எடை 12 என்று சிலர், 6 என்று சிலர். 1852-ல் பிராங்க்லாண்ட் என்ற ஆங்கிலேயர், தனிமங்களுக்குச் சேரும் திறனில் ஒரு அளவு இருக்கிறது என்று காட்டினார். அதைத்தான் நாம் இணைதிறன் என்கிறோம், சுருக்கமாக வேலன்சி. ஆனால் கார்பனின் குட்டு மட்டும் உடையவில்லை.

கெக்குலே 1857-ல் கார்பனின் இணைதிறன் 4 என்று எழுதினார். 1858 மே மாதம் வெளிவந்த கட்டுரையில் அடுத்த படி ஏறினார். கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்றே கைகோத்துக்கொள்ளும் என்றார். இந்த இரண்டு வரிதான் நண்பர்களே, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்ற மாளிகையின் அஸ்திவாரம்!

கபடி ஆட்டத்தில் கைகோத்து நிற்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கார்பனுக்கு 4 கை. ஹைட்ரஜனுக்கு 1 கை. ஒரே கார்பன் இருந்தால் 4 கைக்கும் 4 ஹைட்ரஜன். அது மீத்தேன். இரண்டு கார்பன் என்றால் மொத்தம் 8 கை. தங்களுக்குள் கோத்துக்கொள்ள ஆளுக்கு 1 கை செலவு. மிச்சம் 6. அது ஈத்தேன். ஐந்து கார்பனை வரிசையாக நிறுத்துங்கள். மொத்தம் 20 கை. நடுவே 4 இணைப்பு, அதற்கு 8 கை போயிற்று. மிச்சம் 12. அது பென்டேன். கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன் எண்ணிக்கை என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தச் சூத்திரத்தைக் கெக்குலே இப்படிக் கையை எண்ணித்தான் கொண்டுவந்தார். எண்ணத் தெரிந்தால் மனப்பாடமே வேண்டாம்!

மற்ற தனிமங்களிலும் சில, தங்களுக்குள் கைகோக்கும். ஆனால் கார்பனைப் போல நீளமாக, கிளை விட்டு, வளையமாக, சலிக்காமல் கோத்துக்கொண்டே போவது வேறு எதுவும் இல்லை. பெட்ரோல், பாலித்தீன், சர்க்கரை, பருத்தி, நம் உடம்பு... எல்லாமே இந்தக் கைகோத்தலின் விளையாட்டு.

சொல்லப்படாத இன்னொரு பெயர்

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. இதே எண்ணம் அதே நேரத்தில் இன்னொரு மூளையிலும் உதித்தது. அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் ஸ்காட் கூப்பர். 1831-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே பிறந்தவர். தத்துவம் படித்துவிட்டுப் பிறகு வேதியியலுக்கு வந்தவர். பாரிசில் வூர்ட்ஸ் என்ற பெரிய வேதியியலாளரின் சோதனைச் சாலையில் இருந்தார். கார்பனுக்கு 4 கை, கார்பனும் கார்பனும் கோக்கும் என்று அவரும் கட்டுரை எழுதினார். அதுமட்டுமா, அணுக்களுக்கு நடுவே கோடு போட்டுக் காட்டியதும் அவர்தான். கெக்குலே அப்போது அணுக்களை நீள நீளக் கொழுக்கட்டை மாதிரி வரைந்துகொண்டிருந்தார். நம் நோட்டில் இருக்கும் கோடு கூப்பர் வழியில் வந்த கோடு!

கட்டுரையைப் பிரெஞ்சு அகாடமியில் வாசிக்க உறுப்பினர் ஒருவர் வேண்டும். வூர்ட்ஸ் அப்போது உறுப்பினர் இல்லை. தாமதமாகிக்கொண்டே போனது. கடைசியில் டூமா என்பவர் மூலம் 1858 ஜூன் 14 அன்று அது வாசிக்கப்பட்டது. கெக்குலேயின் கட்டுரை மே மாதமே அச்சாகிவிட்டது. சில வார வித்தியாசம், அவ்வளவுதான்! முதலில் சொன்னது நானே என்று கெக்குலேயும் உடனே எழுதி உரிமை கொண்டாடினார். கூப்பர் கோபத்தில் வூர்ட்ஸோடு மோதினார். சோதனைச் சாலையை விட்டு வெளியேற்றப்பட்டார். எடின்பரோவில் ஒரு உதவியாளர் வேலை கிடைத்தது. ஆனால் 1859-ல் மனநலம் குலைந்தது. அதன்பின் வேதியியல் பக்கம் அவரால் திரும்பவே முடியவில்லை. தாயின் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, 1892 மார்ச் 11 அன்று கண்ணை மூடினார்.

இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. கெக்குலே திருடினார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் தானாகத்தான் கண்டுபிடித்தார். ஆனாலும் ஒருவருக்கு மாலை, ஒருவருக்கு இருட்டு. அந்த இருட்டில் விளக்கு ஏற்றியவர் யார் தெரியுமா? கெக்குலேயின் சொந்த மாணவர் ஆன்ஷுட்ஸ்! கூப்பர் செய்திருந்த ஒரு சோதனை கெக்குலேக்குச் சரியாக வரவில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆன்ஷுட்ஸ் அதைத் திரும்பச் செய்து பார்த்தார். கூப்பர் சொன்னது சரி என்று தெரிந்தது. யார் இந்தக் கூப்பர் என்று தேடத் தொடங்கினார். 1909-ல் அவர் வரலாற்றை உலகுக்குச் சொன்னார். குருவின் புகழில் பங்கு குறையுமே என்று அவர் பார்க்கவில்லை. அவரல்லவோ நல்ல மாணவர்!

ஒரு அமிலத்துக்கு 19 வடிவம்

கெக்குலே 1858-ல் பெல்ஜியம் நாட்டின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த வருடம் கரிம வேதியியல் பாடநூல் ஒன்றைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். கரிம வேதியியல் என்றால் கார்பன் சேர்மங்களின் வேதியியல் என்று அதில் வரையறுத்தார். நாம் பரீட்சையில் எழுதும் அதே வரையறைதான். அந்த நூலில் அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கு மட்டும் அன்று புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை வரிசையாக அச்சடித்துக் காட்டினார். குழப்பம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

இப்படியே விட்டால் உருப்படாது என்று, 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் உலக வேதியியலாளர்களின் மாநாட்டைக் கூட்ட முன்னின்றவர்களில் அவர் முக்கியமானவர். அங்கேதான் இத்தாலியின் கன்னிசாரோ அணு எடைகளைத் தெளிவாக்கும் வழியை எடுத்துச் சொன்னார். கார்பன் 12 என்பது அதன்பின் நிலைபெறத் தொடங்கியது. எடை சரியாக இருந்தால்தானே கையை எண்ண முடியும்!

நெருப்பும் வளையமும்

கென்ட் நகரில் நிலக்கரி வாயு ஆலை ஒன்று இருந்தது. அதன் இயக்குநரின் மகள் ஸ்டெபானியை 1862-ல் மணந்தார். 1863-ல் மகன் பிறந்த சில நாட்களிலேயே அந்த அம்மாள் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற அந்த மனிதரின் இரவுகளை நினைத்துப் பாருங்கள். பாம்புக் கனவு கண்டதாகச் சொல்லப்படுவது அந்தக் கென்ட் நகரத்து வீட்டில்தான். கைடுகள் இதை எழுதுவதில்லை.

பென்சீனை 1825-லேயே பாரடே கண்டுபிடித்துவிட்டார். 6 கார்பன், 6 ஹைட்ரஜன். இங்கேதான் சிக்கல். 6 கார்பன் வரிசையாக நின்றால் 14 ஹைட்ரஜன் வேண்டும். 8 எங்கே போயிற்று? கெக்குலே சங்கிலியின் இரண்டு நுனிகளையும் சேர்த்து வளையமாக்கினார். இப்போது எண்ணுங்கள். மொத்தம் 24 கை. வளையத்தில் 6 இணைப்பு, அதற்கு 12 கை. ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு வைத்தால் இன்னும் 3 இணைப்பு, அதற்கு 6 கை. மிச்சம் 6. ஹைட்ரஜனும் 6. கணக்கு டாலி! 1865-ல் இதைப் பாரிசில் வெளியிட்டார்.

அழகாக இருக்கிறது என்பதற்காக உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. சோதனைக்கு நின்றது. அறுகோணத்தின் 6 மூலையும் சமம் என்றால், ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தால் ஒரே ஒரு பொருள்தான் வர வேண்டும். இரண்டை மாற்றினால் மூன்று மாற்றியங்கள் வர வேண்டும். அதுதான் நமக்குத் தெரிந்த ஆர்த்தோ, மெட்டா, பாரா. கெக்குலேயின் உதவியாளராக இருந்த கோர்னர் உட்படப் பலர் வருடக்கணக்கில் உழைத்து அந்த எண்ணிக்கை சரியே என்று காட்டினார்கள்.

ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி இருந்தால், ஆர்த்தோவிலேயே இரண்டு வகை வர வேண்டுமே, ஒன்றுதானே இருக்கிறது என்று லாடன்பர்க் கேட்டார். நியாயமான கேள்வி. 1872-ல் கெக்குலே, பிணைப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று பதில் சொன்னார். முழு விடை அவர் காலத்தில் கிடைக்கவில்லை. 1929-ல் காத்லீன் லான்ஸ்டேல் என்ற பெண் விஞ்ஞானி எக்ஸ் கதிர் கொண்டு, ஒரு பென்சீன் வழிச் சேர்மத்தின் வளையம் தட்டையானது, 6 பக்கமும் ஒரே நீளம் என்று காட்டினார். ஒற்றைப் பிணைப்பு 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டை 1.34. பென்சீனில் 1.39 அளவில் எல்லாமே சமம்! ஒற்றையுமில்லை, இரட்டையுமில்லை, நடுவில் ஒன்று. இதைத்தான் நாம் உடனிசைவு என்று படிக்கிறோம்.

கனவு பற்றி என் கருத்து

பாம்புக் கனவை அவர் எப்போது சொன்னார் தெரியுமா? 1890 மார்ச் 11 அன்று, பென்சீன் கட்டுரையின் 25-ம் ஆண்டு விழா பெர்லினில் நடந்தபோதுதான். கார்பன் சங்கிலி எண்ணமும் லண்டன் குதிரை பஸ்ஸில் வீடு திரும்பும்போது கண்ட பகல் கனவில் வந்தது என்று அங்கேயே சொன்னார். அது நிஜமா என்று சந்தேகப்படும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அதே பேச்சில், கனவில் கண்டதை விழித்த புத்தியால் சோதிக்காமல் வெளியில் சொல்லக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். அந்தப் பாதியைத்தான் நாம் மறந்துவிட்டோம். பகலெல்லாம் எண்ணியவருக்கு ராத்திரியும் எண்ணம் ஓடியது. எண்ணாத நமக்குப் பரோட்டா வந்தது. இதிலே அதிசயம் என்ன இருக்கிறது?

அந்த விழா நடந்து சரியாக இரண்டு வருடம் கழித்து, அதே மார்ச் 11 அன்றுதான் கூப்பர் இறந்தார். தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தேதியை என்னால் மறக்க முடியவில்லை.

விழுதுகள்

1867-ல் கெக்குலே பான் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கடைசி வரை அங்கேயே இருந்தார். அவரிடம் படித்த வான்ட் ஹாஃப், எமில் பிஷர், பேயர் மூவரும் முறையே 1901, 1902, 1905-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். முதல் ஐந்து பரிசில் மூன்று ஒரே ஆசிரியரின் வகுப்பறைக்கு! கார்பனின் 4 கைகள் தாளில் இருப்பது போலத் தட்டையாக இல்லை, நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று 1874-ல் சொன்னவர் அந்த வான்ட் ஹாஃப்தான். அதே வருடம் லெ பெல் என்ற பிரெஞ்சுக்காரரும் தனியாகச் சொன்னார்.

பேயர் 1883-ல் இண்டிகோ சாயத்தின் அமைப்பை எழுதி முடித்தார். 1897-ல் செயற்கை இண்டிகோ சந்தைக்கு வந்தது. அதன்பின் நம் நாட்டில் பயிரான அவுரிச் சாயத்துக்கு மதிப்பு சரிந்தது. நோட்டில் போடும் கோடு வயலில் இருக்கும் பயிரையும் தொடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1895-ல் ஜெர்மன் பேரரசர் அவருக்குப் பிரபு பட்டம் தந்தார். 1896 ஜூலை 13 அன்று பான் நகரில் அவர் மறைந்தார். அடுத்த வருடம், 1897-ல்தான் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். ஒரு பிணைப்பு என்பது ஒரு ஜோடி எலக்ட்ரான் என்று லூயிஸ் சொன்னது 1916-ல். அதாவது, கை எதனால் ஆனது என்றே தெரியாமல், எத்தனை கை என்று மட்டும் எண்ணிச் சரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் இந்த மனிதர்!

நண்பர்களே, முடிக்கும் முன் ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு இது ப்ராஜெக்ட் வருடம். ஒரு பேட்ச்சில் ஆறு பேர் இருப்போம். அட்டையில் எல்லாப் பெயரும் இருக்கும், வைவாவில் பேசுகிறவன் பெயர்தான் நிற்கும். கெக்குலேயிடமிருந்து எண்ணுவதற்குக் கற்றுக்கொள்வோம். கூப்பரிடமிருந்து, செய்ததை எழுதி வைக்கவும், நாள் கடத்தாமல் கொடுக்கவும் கற்றுக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக ஆன்ஷுட்ஸிடமிருந்து, பக்கத்தில் இருப்பவன் செய்த வேலையை அவன் செய்தது என்று வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள்வோம். கார்பன் பெரிதானது கைகோத்ததால்தான். நாமும் கோப்போம்!